புஷ்பராணி மிஸ்ஸின் இடது முழங்கால்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரம். பதுளை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் என்னோடு சைக்கிள் ஓட வரும் மற்ற இருவரும் வந்துவிட்டார்கள். புஷ்பராணி மிஸ்ஸை மட்டும் காணவில்லை. எப்போதும் எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "பஜார்ல கடை வச்சிருக்கிற மனுசன், கடிகாரத்துக்குக் கீழேயே லேட்டா வர்றீங்களே நானா" என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சீண்டுபவர் அவர். இன்றைக்கு அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று காத்திருந்தபோது அவருடைய மகள் தர்ஷினியின் அழைப்பு வந்தது.

"அங்கிள், அம்மாவுக்காக நிக்காதீங்க."

"ஏன் மகள், டியூட்டி போட்டுட்டாங்களா?"

"இல்ல அங்கிள்..."

போனை வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். இரவு நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழும்பவில்லை. மரணச் செய்தி கேட்டால் நாங்கள் ஓதும் 'இன்னாலில்லாஹி' என் வாயில் தன்னால் வந்தது. போட்டிருந்த உடுப்போடு நாங்கள் மூவரும் அவர் வீட்டுக்குப் போனோம். பெடலில் மாட்டுவதற்காக எங்கள் சைக்கிள் சப்பாத்துகளின் அடியில் இருக்கும் இரும்புத் தகடு முற்றத்துச் சிமெந்தில் டக் டக்கென்று சத்தம் போட்டது. சாவு வீட்டில் அந்தச் சத்தம் கூச்சமாக இருந்தது. வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனோம்.

இங்கே நர்ஸுகளை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் தாதியாக அவர் பார்த்த வேலையைப் பற்றி அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் சொல்வார்கள். ஊவா மாகாணத்தில் அப்படிப்பட்டவர்கள் இல்லாத தேயிலைத் தோட்டம் இருக்காது. நான் சைக்கிள் கடைக்காரன். எனக்குத் தெரிந்த புஷ்பராணி மிஸ்ஸைப் பற்றித்தான் என்னால் எழுத முடியும்.

அவருடைய கணவர் சுந்தரம் அண்ணன், பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் பஸ் ஓட்டியவர். நோயில் விழுந்து, மிஸ் கண்ணெதிரிலேயே காலமானார். தெமோதரைக்கு மேலே, அவர்கள் இருவருமே பிறந்து வளர்ந்த தோட்டத்தின் மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒருநாள் மிஸ் என் கடைக்கு வந்து, ஏற்றத்துக்குத் தோதான சைக்கிள் ஒன்று வேண்டும் என்றார்.

"யாருக்கு மிஸ்? மகளுக்கா?"

"எனக்குத்தாங்க."

நான் சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டேன். "அண்ணனைப் பார்க்கத் தெமோதரைக்குப் போக பஸ் இருக்கே மிஸ்."

"பஸ்ல ஏறினா கண்ணு முதல்ல ட்ரைவர் சீட்டுக்குத்தான் போகுது. அங்க வேற யாரோட முதுகோ இருக்கு. அதைப் பார்த்துக்கிட்டு அவ்வளவு தூரம் என்னால உட்கார முடியல நானா."

நான் எழுந்து போய், ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள்களில் இருப்பதிலேயே லேசானதை அவருக்காக எடுத்து வைத்தேன். முதலில் ஏற்றத்தில் பாதியைத் தள்ளிக்கொண்டுதான் போனார். பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்தார். தோட்டத்துக்குத் திரும்பும் பாதையில் அவர் பிரிந்து போவார். நாங்கள் எல்லச் சந்தி வரை போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது, மயானத்திலிருந்து இறங்கி வந்து எங்களுக்காகக் காத்திருப்பார். அழுதிருப்பார், ஆனால் முகத்தைக் கழுவியிருப்பார்.

எங்களைப் பார்த்து அவருக்கும் க்ளிப் பெடல் மேல் ஆசை வந்தது. சப்பாத்தின் அடியிலுள்ள தகடு பெடலில் 'க்ளிக்'கென்று மாட்டிக்கொள்ளும். மேலே இழுக்கும்போதும் கால் கழலாது. இறங்க வேண்டுமென்றால் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும், அப்போதுதான் விடும். இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயருக்கு 'க்ளிப் இல்லாத பெடல்' என்று பொருள். பெயர் வைத்தவனைக் கண்டால் நாலு கேள்வி கேட்கவேண்டும். புதிதாக மாட்டும் எல்லோரும் ஒருமுறை விழுவார்கள். மிஸ் பஜாரின் நட்டநடுவில் விழுந்தார். "ஆஸ்பத்திரி வோர்ட்ல எத்தனை பேரைத் தூக்கி விட்டிருக்கேன். என்னைத் தூக்க ஒருத்தரும் இல்லையா?" என்று விழுந்த இடத்திலிருந்தே கேட்டார்.

பிறகு ஒருநாள் இறக்கத்தில் கால் கழன்று, மண்மேட்டில் மோதப் பார்த்தார். அன்றே என்னிடம் திருகுசாவியை வாங்கி, பெடலின் பிடியைக் கூட்டும் திருகாணியைத் தம் கையாலேயே கடைசி வரை முறுக்கிக்கொண்டார். இனி எமன் வந்து இழுத்தாலும் கால் கழலாது என்றார்.

அதற்குப் பிறகுதான் முழங்கால் வலி ஆரம்பித்தது. வலி வளர்ந்து, படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. அவரைப் பார்த்த வைத்தியர், இந்த வயதில் மலையேற்றம் வேண்டாம், சைக்கிளை விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். மிஸ் நேரே என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சைக்கிளை விட்டா நான் அந்த ரோட்டுல எப்படிங்க போறது?" என்றார். ஆட்கள் வந்து போகும் கடையில், சீருடையோடு உட்கார்ந்து அழுதார். அவ்வளவு தைரியமான பெண் அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சும்மா ஒரு சைக்கிள் சில்லை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சீட்டை உயர்த்திப் பார்த்தோம், பின்னால் தள்ளிப் பார்த்தோம், கியரை இலேசாக்கினோம். ஒன்றும் சரிவரவில்லை. எங்கள் எல்லோருடைய சந்தேகமும் ஏற்றத்தின் மேலேயே இருந்தது.

ஹாலிஎலையிலிருந்து தெமோதரை வரை அந்தப் பாதையின் வளைவுகளில் சின்னச் சின்னக் கோயில்கள். பிள்ளையார், மாரியம்மன், கடைசியில் முனியாண்டி. நடுவில் ஒரு புத்தர் சிலையும் உண்டு. மிஸ் ஒன்றையும் விடமாட்டார். ஒவ்வொன்றின் முன்னும் நின்று, இடது காலை ஊன்றி, நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்வார். ஏற்றத்தில் ஒரு தாளத்தோடு போகிறவனுக்கு இப்படி நின்று நின்று போவது எவ்வளவு எரிச்சல் என்று சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். நான் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். ஒருநாள் முணுமுணுப்பை விட்டுவிட்டு அவர் காலைக் கவனித்தேன். இறுகிப்போன பெடல் விடவில்லை. குதிகாலை ஒருமுறை திருப்பினார், இன்னொருமுறை திருப்பினார், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வெட்டாக வெட்டி இழுத்தார். முழங்கால் துணி பிழிவதுபோல் முறுகியது.

"மிஸ், உங்களுக்கு வலிக்கிறது எந்தக் கால்?"

"இடதுதாங்க."

"வலது?"

"அது நல்லாத்தான் இருக்கு."

"ஏத்தம் ரெண்டு காலுக்கும் ஒண்ணுதானே மிஸ்?"

அவர் கோயிலைப் பார்த்தார். குனிந்து தம் காலைப் பார்த்தார். பிறகு பாதையோரக் கல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சாமி கும்பிட்டே காலைக் கெடுத்துக்கிட்டவ இந்த உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்!"

"இனிமே சைக்கிள் ஓடிக்கிட்டே கும்பிடுங்க மிஸ். கையை எடுத்தாப் போதாதா?" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "அவரு பஸ்ஸை ஒரு கோயில்லயும் நிப்பாட்டாமப் போனதில்ல நானா. லேட்டாகுதுன்னு ஆளுங்க ஏசுவாங்க. அப்பவும் நிப்பாட்டுவாரு. நீங்க தொழுகைக்குக் கடையைச் சாத்துறீங்கதானே? யாவாரம் போகுதுன்னு ஓதிக்கிட்டே சைக்கிள் விப்பீங்களா?"

நிற்பதை மாற்ற முடியாது என்றால் பெடலைத்தான் மாற்றவேண்டும்.

கடையில் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி வைத்து, அவரை உட்காரவைத்து, ஒவ்வொரு பெடலாக மாட்டிப் பார்த்தோம். பந்தயக்காரர்கள் போடும் வகையில் குதிகால் கொஞ்சம் அசைய இடமிருந்தது. ஆனால் அதற்கான சப்பாத்து சரளைக்கல்லில் வழுக்கியது. நின்று கும்பிடுகிறவருக்கு அது ஆகாது. இன்னொன்றில் குதிகால் இஷ்டத்துக்கு ஆடியது. "ஈரச் சவர்க்காரக் கட்டி மேல நிக்கிற மாதிரி இருக்குங்க" என்று காலை எடுத்துவிட்டார். கடைசியில் மலைச் சைக்கிளுக்குப் போடுகிற, இரண்டு பக்கமும் மாட்டக்கூடிய பெடலுக்கு வந்தோம். திருகாணியை நன்றாகத் தளர்த்தினேன். எந்தப் பக்கம் திருப்பினாலும், சும்மா மேலே இழுத்தாலும்கூட விடுகிற தகட்டைத் தேடிக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். அதைச் சப்பாத்தில் நேராகப் பூட்டப் போனபோது மிஸ் தடுத்தார். மேசையில் ஏறி உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டார். இடது பாதம் தானாக வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு தொங்கியது.

"என் காலு இப்படித்தான் நானா. அது எங்க பார்க்குதோ அந்தப் பக்கமே வச்சுப் பூட்டுங்க."

அப்படியே பூட்டினேன். மிதித்துப் பார்த்துவிட்டு, "இது என்னைப் பிடிச்சிருக்கா இல்லையான்னே தெரியலைங்க" என்றார். அப்படித்தான் இருக்கவேண்டும் என்றேன். இறக்கத்தில் கழன்றுவிடுமோ என்ற பயம் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. அதனால் மெதுவாக இறங்கினார். நாங்களும் அவரோடு மெதுவாக இறங்கினோம்.

சில மாதங்களில் வலி குறைந்தது. பிறகு போயே போய்விட்டது. கோயில் வந்தால் கால் பூப்போலக் கழலும். "எல்லாரும் என் வாழ்க்கையை மாத்தச் சொன்னாங்க. மாத்த வேண்டியிருந்தது ஒரு துண்டு இரும்புதான்" என்று தோட்டத்தில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். முழங்கால் வலி என்று வோர்ட்டுக்கு யார் வந்தாலும் மருந்துக்கு முன்னால், "ஒரு நாளைக்கு அந்தக் காலை என்னதான் பண்றீங்க?" என்று விசாரிப்பாராம். போன ஞாயிறு பிரியும்போதுகூட, பின் டயர் தேய்ந்துவிட்டது, நல்லதாக ஒன்று எடுத்து வையுங்கள் என்றார். எடுத்து வைத்தேன். அது கடையில் தொங்குகிறது. அதை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சுந்தரம் அண்ணனுக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்ய முடிவானது. பிரேத வேன் அதே பாதையில் ஏறியது. நாங்கள் மூவரும் சைக்கிளில் பின்னால் போனோம். முதல் வளைவில் பிள்ளையாருக்குத் திரை போட்டிருந்தது. அடுத்த வளைவில் மாரியம்மன் கதவும் சாத்தியிருந்தது. சவம் கடக்கும்போது கோயிலைச் சாத்துவது வழக்கம்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் தாங்கவில்லை. வெயிலிலும் மழையிலும், வலித்த காலை வெட்டி இழுத்துக்கொண்டு நின்றவருக்கு, கடைசியாக ஒருமுறை முகத்தைக் காட்டக்கூடாதா? மாற்று மதத்துக்காரன் இப்படிக் கோபப்படலாமா என்று எனக்குத் தெரியாது. கோபம் வந்தது. கண்ணீரும் வந்தது.

முனியாண்டி கோயிலிலும் திரை இழுத்திருந்தது. ஆனால் பூசாரி ஐயா உள்ளே இல்லை. பாதையோரத்தில் நின்றுகொண்டு, கையைக் காட்டி வேனை நிறுத்தினார்.

"பிரேதத்தோட கோயில் முன்னுக்கு நிப்பாட்டக் கூடாதுங்க" என்றார் ட்ரைவர்.

"அது சாமிக்கு. எனக்கென்ன?" என்றார் பூசாரி. "இந்தப் புள்ள எத்தனை வருசமா இங்க நின்னுட்டுப் போச்சு. அதுக்காக நாம ஒரு தடவை நிக்க வேணாமா?"

ட்ரைவர் இஞ்சினை நிறுத்தினார். பூசாரி, சாத்திய கோயிலுக்கு முதுகைக் காட்டி, வேனைப் பார்த்துத் தலைக்கு மேலே கையைக் குவித்தார். வேனுக்குள்ளிருந்து தர்ஷினி "அம்மா" என்று கதறிய சத்தம் கேட்டது.

வேன் மறுபடி நகர்ந்தபோது என்னால் பெடலில் கால் வைக்க முடியவில்லை. அங்கிருந்து மயானம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே போனேன். போய் வாருங்கள் மிஸ்.