மழை பெய்யாமல் நிரம்பிய தொட்டி

அமெரிக்காவின் புதிய அதிபர் பதவியேற்றது 2009 ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை. மெல்பர்னில் அப்போது புதன்கிழமை விடிந்திருக்கவில்லை. அன்று மாலைச் செய்தியில்தான் அந்த உரையைப் பார்த்தோம். பூமி சூடாகிக்கொண்டு வருவதைப் பற்றியும் அவர் சொன்னார். என் மனைவி குளியலறையிலிருந்து ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சொல்லிட்டாரு பாருங்க. அந்த ஊர்லேர்ந்து ஒருத்தர் வாயத் திறந்து சொல்லிட்டாரு."

வாளியில் இருந்தது குளித்த தண்ணீர். அந்த ஆண்டுகளில் இங்கே எல்லோர் வீட்டுக் குளியலறையிலும் ஒரு வாளி இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேலாக மழை ஏமாற்றிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்குக் குழாய் பிடிப்பதென்றால் வாரத்தில் இரண்டு நாள், அதுவும் விடியற்காலையில் மட்டும். புல்தரைக்குத் தண்ணீர் விடவே கூடாது. அடுத்த வாரம் தொடர்ந்து மூன்று நாட்கள் வெப்பம் நாற்பத்து மூன்று டிகிரியைத் தாண்டியது. பிப்ரவரி 7, சனிக்கிழமை, நாற்பத்தாறு. அன்றுதான் மலைப்பக்கத்து ஊர்கள் எரிந்தன. மேற்கே இருந்த எங்களுக்கு நெருப்பு வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தண்ணீரைப் பற்றி இந்த ஊரில் யாரும் விளையாட்டாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. எங்கள் ஆட்களைத் தவிர.

அதே ஆண்டு நவம்பரில் எங்களுக்கும் ஒரு புதிய தலைவர் வந்தார். எங்களுக்கு என்றால், மேற்குப் புறநகர்த் தமிழ்ச் சங்கத்துக்கு. நாற்பத்தைந்து வயதிருக்கும், கணினித் துறையில் திட்ட மேலாளர், ட்ருகனினா பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர். பொதுக்குழுவில் அவர் பேசியது முழுக்கச் சுற்றுச்சூழல். "அமெரிக்காவுக்கு ஒருத்தர் வந்தாரு, உலகமே திரும்பிப் பார்க்குது. நம்ம சங்கத்தையும் மெல்பர்னே திரும்பிப் பார்க்கணும். நூறே நாள். மண்டபத்துக்கு மழைநீர்த் தொட்டி!" என்றார். கைதட்டினோம். நானும் தட்டினேன், கை வலிக்கத் தட்டினேன்.

காரணம், மண்டபத்துக்குப் பின்னால் இருந்த தோட்டம். அந்த இடம் எங்கள் பகுதி நகராட்சிக் கவுன்சிலுடையது. அதில் காய்கறி போட அனுமதி வாங்கியவள் என் மனைவி. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் தருகிறோம் என்று கவுன்சில் சொல்லிவிட்டது. வறட்சியில் அவர்களுடைய ரோஜாவும் புல்லும் காய்ந்துகொண்டிருக்க, யாரோ வந்து குழாயைத் திறந்துவிட்டுக் கத்தரிக்காய் விளைவிப்பதற்கு யார் சம்மதிப்பார்கள்? அவள் வீடு வீடாகப் போனாள். வேலியை ஒட்டி இருந்த வீட்டுக்காரர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவளை வாசலில் நிறுத்தி நெடுநேரம் கேள்வி கேட்டார். அவர் வீட்டில் ஒரு எலுமிச்சை மரம். அதைத் தன் குளியல் தண்ணீரிலேயே காப்பாற்றி வந்தார். கடைசியில் அவள் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள்: குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அந்தப் பாத்திகளில் விழாது. விழுந்தால் அவரே கவுன்சிலுக்குச் சொல்லி இடத்தை மூடச் செய்யலாம்.

வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு ஒரு யோசனை இருந்தது. தமிழர் வீட்டில் தினமும் வீணாவது அரிசி களைந்த தண்ணீர். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரும் அம்மாக்கள் எல்லோரும் பழைய பால் கேனில் அதைக் கொண்டுவர வேண்டும் என்றாள். முதல் வாரம் சிரித்தார்கள். பிறகு கொண்டுவந்தார்கள். காருக்குள் புளித்த வாடை என்று பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். ஓர் அம்மா தினமும் குக்கரில் மூன்று முறை களைவதாகப் பெருமையாகச் சொல்ல, இன்னொருத்தி, "ஏன்டி, சோறு வேணுங்கறதுக்காக அரிசி போடறியா, தண்ணி வேணுங்கறதுக்காகவா?" என்று கேட்டாள். கத்தரியும் வெண்டையும் அந்தத் தண்ணீரில்தான் காய்த்தன. அது போதவில்லை என்பதும் உண்மை. தொட்டி வந்தால் பாத்திகளை இரண்டு மடங்காக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

டிசம்பரில் கோபன்ஹேகனில் பருவநிலை மாநாட்டுக்கு உலகத் தலைவர்கள் கூடிக் கலைந்தார்கள். கையில் ஒரு தாளோடு திரும்பினார்கள். அந்த அதிபரும்தான். "பெரியவங்க அப்படித்தான். நம்ம தலைவர் நம்மள ஏமாத்த மாட்டார்" என்றாள் மனைவி. தொட்டி ஜனவரி மூன்றாம் வாரம் வந்து இறங்கியது. பச்சை நிறம், என்னைவிட உயரம். அதன் வயிற்றில் சங்கத்தின் பெயரும் தலைவரின் பெயரும் தமிழிலும் ஆங்கிலத்திலும். திறப்பு விழாவை ஜனவரி கடைசி ஞாயிறு, பொங்கல் விழாவோடு வைத்துக்கொண்டார்கள். நூறு நாளுக்குள் வந்துவிடும்.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் கரும்பு கட்டுவதற்காக நானும் மனைவியும் மண்டபத்துக்குப் போனோம். பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மண்டபத்துச் சுவர்க் குழாயிலிருந்து ஒரு ஹோஸ் புறப்பட்டு, தொட்டியின் மேல்மூடி வழியாக உள்ளே போயிருந்தது. தலைவர் பக்கத்தில் நின்று தொட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி இது?" என்றாள் மனைவி.

"நாளைக்குக் கவுன்சிலர் வர்றார்க்கா. ரிப்பன் வெட்டிக் குழாயத் திறந்தா என்ன வரும்? காத்தா?"

"காத்து வரட்டும். இன்னும் மழை பெய்யலைன்னு சொல்லுங்க. அவருக்குத் தெரியாததா?"

"போட்டோல காத்து தெரியாதுக்கா."

அவர் அதை நகைச்சுவையாகச் சொன்னார். கூட இருந்த இருவர் சிரிக்கவும் செய்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். கூரையோரத்துத் தகரக் கால்வாயிலிருந்து இறங்கிய குழாய் வழக்கம்போல நேரே தரைக்குள் போயிற்று. தொட்டிப் பக்கம் ஒரு குழாயும் திரும்பவில்லை. மழை பெய்தாலும் இதற்குள் எப்படி வரும் என்று கேட்டேன்.

"அது ஃபேஸ் டூ, சார். அடுத்த கட்டத்துல."

எனக்கு 2004 நினைவுக்கு வந்தது. சென்னையில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று ஆகியிருந்த சமயம், விடுமுறைக்குப் போயிருந்தோம். மைத்துனர் குடியிருப்பில் மொட்டைமாடியிலிருந்து புத்தம் புதிய குழாய் ஒன்று இறங்கி வந்து, சிமெண்டுத் தரைக்கு ஒரு சாண் மேலே முடிந்திருந்தது. அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போக அது போதும். அதே தெருமுனையில் லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. அந்தக் குழாயைக் கப்பலேற்றி இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்களே என்று நினைத்தேன். அங்கே லாரிக்குக் காத்திருந்த ஜனங்களைப் போலவே இங்கேயும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் வாளியோடு வாழ்ந்துகொண்டிருந்தார்.

மனைவி போய்க் குழாயை மூடினாள். "நான் பக்கத்து வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். இந்தத் தண்ணிய வெச்சு என்னைப் பொய்க்காரியாக்காதீங்க" என்றாள். தலைவர் கையைக் கூப்பி, சரிக்கா, சரிக்கா என்றார். நாங்கள் வீட்டுக்குப் போனபின் மறுபடி திறந்திருக்கிறார். மறுநாள் காலை நான் தொட்டியைத் தட்டியபோது மேலே வரைக்கும் கனத்த சத்தம் வந்தது.

விழாவில் பக்கத்து வீட்டுக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரை அழைத்தவள் மனைவிதான். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் காகிதத் தட்டு, தட்டில் வடை. குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, கவுன்சிலரின் வாழ்த்துரை எல்லாம் முடிந்து எல்லோரும் பின்பக்கம் போனோம். ரிப்பன் வெட்டப்பட்டது. தலைவர் குழாயைத் திறந்தார். தண்ணீர் பீறிட்டு வந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டு அதில் குதித்தன. காய்ந்து கிடந்த புல்மேல் வெள்ளம் ஓடி வேலிவரை போயிற்று. கைதட்டினார்கள். படம் நன்றாக வரவில்லை என்று ஒருவர் சொல்ல, தலைவர் மறுபடி திறந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் காலணியை நனைத்த தண்ணீரைக் குனிந்து பார்த்தார். பிறகு மனைவியிடம் மெதுவாக, உங்கள் கூரைக்கு மட்டும் நல்ல மழை போலிருக்கிறது என்றார். வடைத் தட்டை ஒரு நாற்காலியில் வைத்தார்.

நன்றியுரை மனைவியுடையது. எங்கள் விழாக்களில் நன்றியுரையை யாரும் கேட்பதில்லை. சாப்பாட்டு வரிசை அதற்குள் நீண்டுவிடும். அவள் மைக்கைப் பிடித்து, கவுன்சிலருக்கு, சமையல் செய்தவர்களுக்கு, கோலம் போட்டவர்களுக்கு என்று முறைப்படி சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கடைசியா, தொட்டியில இருக்கிற தண்ணிக்கு நன்றி சொல்லணும். அது மழைத் தண்ணி இல்லீங்க. நேத்து இந்தச் சுவர்க் குழாயில பிடிச்சது. வாளியில குளிச்சு மிச்சம் பிடிக்கிற இந்தத் தெருக்காரங்க எல்லாருக்கும் சேர்ந்த தண்ணி அது. அவங்களக் கேக்காம எடுத்துட்டோம். அவங்களுக்கு நன்றி. மன்னிப்பும்."

பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். சாப்பாட்டு வரிசை நின்றுவிட்டது. கவுன்சிலருக்கு அவசரமாக வேறு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது.

அன்று மாலை முதல் தொலைபேசி ஓயவில்லை. ஒருவர்கூட ஹோஸைப் பற்றிப் பேசவில்லை. எல்லோருக்கும் மைக்கைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது. "வெள்ளைக்காரன் முன்னாடி நம்ம மானத்த வாங்கிட்டாங்களே சார்." "உள்ளுக்குள்ள சொல்லிக்கக் கூடாதா?" உள்ளுக்குள் முந்தின நாளே சொன்னாள் ஐயா, குழாயையும் மூடினாள், நீங்கள் திறந்தீர்கள். இதைச் சொன்னால் எதிர்முனையில், "இருந்தாலும்..." என்று ஒரு இழுப்பு. அந்த "இருந்தாலும்" என்ற சொல்லை இன்று கேட்டாலும் எனக்குக் கோபம் வருகிறது. மூன்றாம் நாள், சங்கத்தின் பசுமைக் குழுவை நடத்திவந்த மனைவிக்கு மின்னஞ்சல் வந்தது: பசுமைக் குழு மறுசீரமைக்கப்படுகிறது, இதுவரை ஆற்றிய சேவைக்கு நன்றி.

தோட்டம் என்ன ஆகும் என்பதுதான் அவளுக்குக் கவலை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எழுதினால் போதும், கவுன்சில் பூட்டுப் போட்டுவிடும். அவர் எங்களைத் தேடி வந்தது அந்த வாரக் கடைசியில், தமிழ்ப் பள்ளி நேரத்தில். தண்ணீர் பீறிட்ட அந்த நிமிடமே எழுத முடிவு செய்துவிட்டதாக ஒளிக்காமல் சொன்னார். உங்கள் மனைவி பேசியதால்தான் எழுதவில்லை என்றும் சொன்னார்.

மனைவி அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "அப்போ இந்தத் தண்ணிய என்ன செய்யறது?" என்பதுதான். பாத்திக்கு விட்டால் வாக்குத் தவறும். கொட்டினால் பாவம். தெருவோரம் கவுன்சில் நட்ட மரக்கன்றுகள் வாடிக் கிடப்பதை அவர் காட்டினார். பிப்ரவரி முழுக்க அந்தத் தண்ணீரை வாளி வாளியாகத் தெரு மரங்களுக்குச் சுமந்தோம். இரண்டு வாளி அவருடைய எலுமிச்சைக்கு. பாத்திகளுக்கு அதே அரிசி களைந்த தண்ணீர்தான். கேன் கொண்டுவருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள், தலைவருக்குத் தெரிந்தால் நன்றாயிருக்காது என்று. வெண்டை வரிசை ஒன்று கருகிப்போயிற்று.

மார்ச் 6, சனிக்கிழமை, மதியம். அந்த நாளை மெல்பர்னில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். வானம் கறுத்து, ஆலங்கட்டி விழுந்து நகரமே வெள்ளக்காடானது. எங்கள் பக்கம் கல் குறைவு, மழை போதும் போதும் என்கிற அளவுக்குக் கொட்டியது. தமிழ்ப் பள்ளியில் இருந்த எல்லோரும் பின்வாசலில் நின்று பார்த்தோம். கூரையிலிருந்து இறங்கிய தண்ணீர் முழுவதும் பழைய குழாய் வழியாகத் தரைக்குள் போய்க்கொண்டிருந்தது. கால்வாய் கொள்ளாமல் வழிந்தது தொட்டியின் மேல் விழுந்து, தலைவரின் பெயரைக் கழுவிக்கொண்டு ஓடியது. உள்ளே தொட்டி காலி. ஃபேஸ் டூ என்று கத்தினேன். யாருக்குக் கேட்டது?

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் தன் கொட்டகையிலிருந்து ஒரு குழாயும் முழங்கை இணைப்பும் ஏணியும் கொண்டுவந்தார். அவர் அறுத்தார், மனைவி பிடித்துக்கொண்டாள், நான் ஏணியைத் தாங்கினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. அதைத்தான் ஒரு சங்கமும் அதன் செயற்குழுவும் மாதக்கணக்கில் செய்ய முடியாமல் இருந்தன.

ஏப்ரலில் எங்கள் நாட்டுப் பிரதமரும் தன் கரியமிலவாயுத் திட்டத்தைப் பிற்காலத்துக்குத் தள்ளிவைத்தார். அவருக்கும் ஃபேஸ் டூ. அதற்குள் இலையுதிர் கால மழையில் தொட்டி நிஜமாகவே நிரம்பியிருந்தது. தலைவர் அனைவருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பொருள்: "சொன்னோம், செய்தோம்." கீழே படம். ஜனவரியில் எடுத்த அதே படம், குழாயிலிருந்து தண்ணீர் பீறிட, அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

தேதியிட்டு எல்லாவற்றையும் எழுதிப் பதில் போடப் போகிறேன் என்று உட்கார்ந்தேன். மனைவி தோளுக்கு மேலாகப் படித்துவிட்டுச் சொன்னாள்:

"அதெல்லாம் வேண்டாம். ரெண்டே வரி எழுதுங்க. தொட்டிக்குப் போற கால்வாய்ல யூக்கலிப்டஸ் இலை அடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கு ஏணியோட இருப்போம், அவரையும் வரச் சொல்லுங்க."

எழுதினேன். அந்த ஞாயிறு ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். ஓர் அம்மா இரண்டு கேன் அரிசித் தண்ணீரோடு, தொட்டி நிரம்பிவிட்டது தெரியாமல், வந்தார். பத்து மணிவரை தலைவரின் வரவைப் பார்த்துவிட்டு, மனைவி தானே ஏணியில் ஏறினாள்.