ஞானம்மாள் வாய் திறக்காத ஒரு சொல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் கம்பெனி அது. வேலைக்காரர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மிஷினையும் பிள்ளையையும் ஒரே மடியில் வைத்துக்கொள்ள முடியாதென்று பின்பக்கம் ஓர் அறையை ஒதுக்கி, 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். பெண்கள் அதைப் புள்ள ரூம் என்பார்கள். அங்கே ஆயா ஞானம்மாள். திருநின்றவூரிலிருந்து காலை ரயிலில் நசுங்கிக்கொண்டு வந்து, பால் காய்ச்சி, தூளி ஆட்டி, மூத்திரத் துணி அலசி, சாயங்காலம் மறுபடியும் நசுங்கிக்கொண்டு போவாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். சொந்தமாய்ப் பிள்ளை கிடையாது. 1988-இல் அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. இடுப்பைக் கேட்டால் எழுபது என்று சொல்லும்.

பிள்ளை வளர்கிற விதத்தைப் படிக்கக் காலேஜுக்கா போகவேண்டும்? கழுத்து நிற்பதும், குப்புற விழுவதும், தவழ்வதும், சுவரைப் பிடித்து எழுவதும் அவள் கண்ணெதிரேதான் நடந்தது. ஒன்று பத்து மாசத்திலேயே நடக்கும். இன்னொன்று ஒன்றேகால் வயசு வரைக்கும் உட்கார்ந்தபடியே நகர்ந்து அறையைச் சுற்றி வரும். பக்கத்து மிஷின்காரி பிள்ளை நடந்துவிட்டதென்று எவளாவது புலம்பினால் ஞானம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உன் புள்ள இன்னா ரேஸ் குதிரையா? அது நேரம் வந்தா அது எந்திரிக்கும். போய் வேலையப் பாருடி!"

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிள்ளை முதல் அடி வைத்தாலும், முதல் சொல் சொன்னாலும், தாயிடம் மூச்சு விடமாட்டாள். முன்பு ஒருத்தியிடம் ஆசையாய்ச் சொல்லப்போய், "என் புள்ள நடந்தத நான் பாக்கலியே" என்று அவள் மிஷின் மேலேயே கவிழ்ந்து அழுதாள். அதோடு சரி. அதற்குப் பிறகு, "ஊட்டுக்குப் போனதும் கைய விட்டுப் பாரேன்" என்று மட்டும் சொல்லி அனுப்புவாள். பிள்ளை முதல் அடி வைத்தால் கொழுக்கட்டை செய்வார்கள் இல்லையா, மறுநாள் தாய்க்காரி டப்பாவோடு ஓடிவந்து, "ஆயா, நடந்துட்டான்!" என்று குதிப்பாள். "அடிப்பாவி, நெசமாவா!" என்று ஞானம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள். அந்த நடிப்புக்காக அவள் தின்ற கொழுக்கட்டைக்குக் கணக்கில்லை.

மூன்று வயசானதும் பிள்ளைகள் போய்விடும். பிறகு ஆவடி பஸ்ஸில் எதிரே வந்தால், யாரோ கிழவி என்று முழிக்கும். அந்த வயசு ஞாபகம் எந்தப் பிள்ளைக்கும் தங்குவதில்லை. இவளுக்குத்தான் ஒன்று விடாமல் தங்கித் தொலைக்கிறது. அலுத்துப்போகாமல் என்ன செய்யும்?

காயில் சுற்றும் பூங்காவனத்தின் மகன் வேம்புலி. பத்து மாசத்தில் ஒருநாள், கஞ்சிக் கிண்ணத்தோடு குனிந்த ஞானம்மாளின் முந்தானையை இழுத்து, "ம்மா" என்றான். அந்த வாரம் பூராவும் அதே சொல்தான். பூங்காவனத்துக்கு அப்போது ஓவர்டைம். அவள் வந்து தூக்கும்போது பிள்ளை தூங்கிப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கேட்டுக்கொள்ளட்டும் என்று ஞானம்மாள் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்துவிட்டது.

பிழைத்து வந்ததே பெரிது. ஆனால் பேச்சு வரவில்லை. இரண்டு வயசு நெருங்கியும் வரவில்லை. ஒருநாள் அலுமினியத் தட்டு கைநழுவி விழுந்து அறையே திடுக்கிட்டபோது, வேம்புலி மட்டும் திரும்பாமல் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தான். காது டாக்டரிடம் காட்டச் சொல்லி ஞானம்மாள்தான் பூங்காவனத்தை விரட்டினாள்.

போய்வந்த பூங்காவனம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஜொரத்துக்கு முன்னாடி பேசினானா, காது கேட்டுச்சான்னு டாக்டர் கேக்கறாரு ஆயா. நான் இன்னான்னு சொல்றது? அப்போ ஓவர்டைமு, நான் பாக்கும்போதெல்லாம் தூங்கினுதான இருந்தான். மாமியாரு முந்திக்கினு, பொறப்புலேர்ந்தே ஊமை, இவ வம்சத்துக் கோளாறுன்னுடுச்சி. எம் புருசனுக்கு வேற பொண்ணு பாக்கப்போவுதாம். அந்தாளும் வாயத் தொறக்காம நிக்கிறாரு."

ஞானம்மாள் தட்டை எடுத்துக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள். சொன்னால் இவள் வாழ்க்கை தப்பிக்கும். சொன்னால் இவள் நெஞ்சு வெடிக்கும். மாதாவே, இதற்கா இத்தனை வருஷம் வாயைக் கட்டினேன் என்று அவளுக்கு அழுகையாய் வந்தது.

"பேசினான்மா," என்றாள். "ஜொரம் வர்றதுக்கு முன்னாடி. அம்மான்னு சொன்னான். நான் கேட்டேன்."

பூங்காவனம் எழுந்து நின்றாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட மொதல்ல சொல்லட்டும்னுதான்..."

"இன்னா பெரிய மனுசி நீ! எம் புள்ள சொன்னத முழுங்கிட்டு இத்தினி நாளு என் மூஞ்சப் பாத்துகினு இருந்தியா?"

ஞானம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் லீவு சொல்லிவிட்டு, பூங்காவனத்தோடும் பிள்ளையோடும் அவளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் பொறுமையாய்க் கேட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவானா, கதவு அடித்தால் அழுவானா என்றெல்லாம் விசாரித்தார். திரும்புவான், அழுவான் என்று ஞானம்மாள் சொன்னாள். பிறவிக் கோளாறு இல்லை, ஜுரத்தில்தான் காது போயிருக்கிறது, காதுக்கு மிஷின் வைத்துப் பழக்கிப் பார்க்கலாம் என்றார். உடன் வந்திருந்த பூங்காவனத்தின் புருஷன் நாகப்பன் அதைக் காதால் கேட்டான். தன் அம்மாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டோடு போனான். பேசினானோ, மென்று முழுங்கினானோ, அந்த வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு அப்புறம் எழவில்லை.

வெளியே பெஞ்சில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வேம்புலி. காலையிலிருந்து பூங்காவனம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"எப்டி சொன்னான்?" என்று திடீரென்று கேட்டாள்.

"அம்மான்னு..."

"அத்து தெரியும். எப்டி சொன்னான்? இழுத்தானா, வெடுக்குனா?"

"வெடுக்குன்னுதான். கடைசில கொஞ்சூண்டு இழுப்பான்."

"சொல்லிக் காட்டு."

போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிறார்கள். இந்த வயசில் இது என்ன கூத்து என்று ஞானம்மாளுக்குக் கூச்சமாய் இருந்தது. குரலைச் சின்னதாக்கிக்கொண்டாள்.

"ம்மா."

பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னொரு வாட்டி."

"ம்மா."

"இன்னொரு வாட்டி ஆயா."

ஞானம்மாள் சொன்னாள். கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த பையன், அவள் வாய் திறந்து மூடுவதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.