மஞ்சள் பால்

மூத்தவன் என்னிடம் ஒரு நாளும் பால் குடித்ததில்லை. அவனை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். நான் அசைய முடியாமல் கிடந்தபோது மாமி, என் கணவரின் உம்மா, என் முதல் பாலைச் சீலைத் துண்டில் பிழிந்து எறிந்தார். மஞ்சளாக இருக்கிறதாம், கெட்ட பாலாம். பிள்ளைக்குச் சீனித்தண்ணீர், பிறகு போத்தல். நாற்பது நாள் முடிவதற்குள் அவன் மாமியின் பிள்ளையாகிவிட்டான். இன்றைக்கும் விழுந்தால் அவரிடம்தான் ஓடுகிறான். தூக்கப் போனால் என்னைத் தள்ளிவிடுகிறான்.

இரண்டாவது வயிற்றில் தங்கியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. இதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கிளினிக்கில் மிட்வைஃப் தெளிவாகச் சொன்னார்: வெட்டி எடுத்தாலும் உடனே நெஞ்சில் போடக் கேளுங்கள், மஞ்சள் பாலைக் கொடுங்கள், இப்போதே பிள்ளையோடு கதையுங்கள். பக்கத்தில் இருந்த என் கணவர் தலையாட்டினார். வெளியே வந்ததும், “உம்மாக்கிட்ட நீங்க சொல்லுங்க” என்றேன்.

“நான் எப்படிச் சொல்ற? பொம்புளைங்கட கதை.”

காற்றடிக்கும்போதும் மீன் பிடிக்கக் களப்பில் வள்ளம் இறக்குகிற மனிசன். உம்மா முன்னால் வாய் இல்லை.

கருவாடு பரப்பும்போது வயிற்றோடு கதைத்தேன். “நான்தான் உம்மா. என்னட்டதான் குடிக்கணும்.” மாமிக்குக் கேட்டுவிட்டது.

“யாரோடடி கதைக்கிற? கருவாட்டோடயா?”

“புள்ளையோட.”

“நல்லாக் கதை. வெளிய வந்து பாலில்லாம அழக்குள்ள நான்தானே பாக்கணும்.”

ஆஸ்பத்திரிப் பையில் மாமி போத்தலும் பால்மாப் பெட்டியும் வைத்திருந்தார். எடுத்து முற்றத்தில் வீசினேன்.

“மூத்தவனுக்கு என்னத்தடி குடுத்த? ஒண்ட மார்ல பாலில்ல!”

“வந்த பாலப் புழிஞ்சி வீசினது யாரு மாமி?”

அவர் முற்றத்தில் இறங்கிப் போத்தலைப் பொறுக்கினார். ஆனால் அவர் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. உண்மையாகவே இல்லையென்றால்?

இந்த முறையும் வெட்டினார்கள். பெண் பிள்ளை. நெஞ்சில் போட்டார்கள், அவள் பிடிக்கவில்லை. வார்டிலும் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறினாள். அந்த நேரம் பார்த்து மாமி வந்தார். பேரீச்சம்பழத்தை மென்று பிள்ளையின் மேல்வாயில் தடவினார். அது சுன்னத், நபி காட்டிய வழி; நான் தடுக்கவில்லை. பிறகு பிளாஸ்கைத் திறந்தார்.

“சீனித்தண்ணி வேணாம் மாமி.”

“பட்டினி போட்டுக் கொல்லப் போறியா? இங்க தா புள்ளைய.”

தையல் கிழிந்தது போல வலித்தது. எழும்பி உட்கார்ந்து மார்பைப் பிதுக்கினேன். ஒன்றுமில்லை. யா அல்லாஹ், ஒரு சொட்டு. திரும்பவும் பிதுக்கினேன். மஞ்சளாகக் கொஞ்சம் கசிந்தது. விரலால் எடுத்து அவள் வாயில் வைத்தேன். நக்கினாள். அழுகை நின்றது. மார்போடு அமுக்கினேன். நண்டு கவ்வினது போலப் பிடித்தாள். நான் கத்திவிட்டேன்.

“நோவுதா?” என்று மாமி கேட்டார்.

“ஓம்.”

“அப்ப இங்க தா.” இரண்டு கையையும் நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை.