கம்போடியக் கப்பலுக்கு ஊர் எது?

செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக் காட்டும் தொழிலில் 'தெரியாது' என்று மட்டும் சொல்லக் கூடாது. அந்த அவஸ்தை இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கும் தெரிந்ததுதான்.

அளந்துவிட்டேன்

கண்டனூரில் ஓர் ஆச்சி தன் பெரிய வீட்டை விடுதியாக நடத்துகிறார். அங்கே வழிகாட்டி நான். கம்போடியாவிலிருந்து போபா என்ற ஆசிரியை வந்து தங்கியிருந்தார். தேக்குத் தூண்களைக் காட்டி, "பர்மாவிலிருந்து வந்தவை" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தவன், 'கப்பல்' என்பதை மட்டும் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். அவர்களுடைய கெமர் மொழியிலும் அது 'கபால்'தானாம்.

சும்மா இருந்திருக்கலாம். "எங்கள் செட்டியார்கள் நேரே கொண்டுபோய்க் கொடுத்த சொல்" என்று அளந்துவிட்டேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொற்கள் வந்த வழியைப் பாடமாக எழுதுகிறாராம் அவர். "உங்கள் பெயரைப் போட்டே எழுதுகிறேன்" என்றார்.

மலாய்ச் சொல்லா?

கைப்பேசியில் தேடினால், அந்தக் கெமர்ச் சொல் மலாயிலிருந்து வந்தது என்று இருக்கிறது. தொலைந்தேன்! ஒரு நாட்டுப் பிள்ளைகள் என் பெயரில் பொய் படிக்கப்போகிறார்கள். உண்மையைச் சொன்னாலோ, ஆச்சி முகத்தில் விழிக்க முடியாது, வேலையும் போய்விடும்.

காரைக்குடிக்கு ஓடினேன். மலேசியாவில் வாத்தியாராக இருந்து திரும்பிய சித்தப்பா அங்கேதான் இருக்கிறார். மலாய் 'கபால்' தமிழிலிருந்து போனதுதான் என்றார். கொண்டுபோனது யார் என்பதற்கு மட்டும் ஆதாரமில்லையாம். எனக்குப் பாதி உயிர் வந்தது. சித்தப்பா சிரித்தார்: "சொல்லு நம்மளுதுதாம்ப்பா. ஆனா நேராப் போகல, மலாய்க்காரங்க வீட்டுல தங்கிட்டுத்தான் போயிருக்கு."

இலை முன்னால்

மறுநாள் மதியச் சாப்பாட்டில், ஆச்சி பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் போபாவிடம் சொல்லிவிட்டேன். நேரே போகவில்லை, செட்டியார்கள் பேச்சு என் சொந்தச் சரக்கு என்றும் சொன்னேன்.

போபா பெருமூச்சு விட்டார். மலாய் வழியாக வந்தது என்றுதான் அவரும் எழுதி முடித்திருந்தாராம். என் பேச்சைக் கேட்டதும், பாடத்தையே மாற்ற வேண்டுமோ என்று தூக்கம் போய்விட்டதாம். "இப்போதுதான் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்" என்று இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டார்.

ஆச்சி எனக்கும் ஒரு கரண்டி ஊற்றினார். "நல்லவேளை சொன்னீக தம்பி. தூணுக்கு நீங்க அளக்குற மத்த கதையையும் இப்பவே சொல்லிருங்க, பாயசம் இன்னும் இருக்கு."

அன்றைக்கு ஒவ்வொரு புளுகாக ஒப்புக்கொண்டு மூன்று கிண்ணம் பாயசம் குடித்தேன், வேலை மட்டும் போகவில்லை.