பந்தக்காலும் சிவப்புக் கோடும்

மலேசியாவின் கிள்ளானில் நான் குடியிருக்கும் தெருவில், காலை நடை போகிறவர்கள் தார்ச்சாலையின் வண்ணக் கோடுகளை மிதித்துக்கொண்டே போவார்கள். சிவப்பு என்றால் அடியில் மின்சாரம், நீலம் என்றால் தண்ணீர். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. வந்த புதிதில் எனக்குத்தான் விசித்திரமாக இருந்தது. இன்று அந்தக் கோடுகளைப் போடுவதே என் வேலை. இங்கே சாலையைத் தோண்டுமுன் நிலத்தடி வரைபடம் வாங்க வேண்டும், கருவி வைத்துத் தேட வேண்டும், குறிக்க வேண்டும், அனுமதி பெற வேண்டும். அதன் பிறகுதான் மண்ணில் கை வைக்கலாம்.

என் ஊர் புதுக்கோட்டையில் அக்கா கல்யாணத்துக்குத் தெருவில் பந்தக்கால் நட்டபோது குடிநீர்க் குழாய் உடைந்தது. பெண்கள் குடங்களோடு ஓடி வந்தார்கள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார், தெருவே சிரித்தது. இங்குள்ள தோழிகளிடம் அதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிவந்தேன், போன மாதம் வரை.

அன்று தெருமுனைக் கோயிலில் திருவிழாவுக்குப் பந்தக்கால் நடும் நாள். கோயில் கமிட்டியில் இருக்கும் லோரி ஓட்டுநர் முருகையா அண்ணன், வாசலுக்கு வெளியே புல்தரையில் கடப்பாரையால் குழி போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் அளவீடு அந்த இடம்வரை வரவில்லை. முழங்கால் ஆழத்தில் சத்தம் மாறியது.

“செங்கல் தட்டுது. பழைய கட்டடம் போல. ஓங்கி ஒண்ணு போட்டா உடைஞ்சிரும்.”

எட்டிப் பார்த்தேன். செங்கற்கள் ஒட்டி ஒட்டிப் படுக்கையாகப் பரப்பப்பட்டிருந்தன. உயர் அழுத்த மின்வடத்தின் மேல் இப்படித்தான் பரப்புவார்கள், தோண்டுகிறவர் அங்கேயே நிறுத்தட்டும் என்று.

“அண்ணே, அடிக்காதீங்க. கீழ கரண்டு இருக்கு.”

அவர் தலைக்கு மேலே ஓடிய கம்பிகளைக் காட்டினார். “கரண்டு மேலதானம்மா போவுது?”

“பெர்மிட் இல்லாம தோண்டக் கூடாதுண்ணே.”

“அதெல்லாம் ரோட்டு வேலைக்குலா. இது சாமி காரியம். நல்ல நேரம் முடியப்போவுது, தள்ளும்மா.”

கடப்பாரை உயர்ந்தது. குழிக்குள் இறங்கிச் செங்கல் மேல் வெறுங்காலோடு நின்றேன்.

“பைத்தியமா உனக்கு?” என்றார். ஆனால் கை இறங்கவில்லை.

கூட இருந்தவர்கள் கடப்பாரையை வாங்கி வைத்த பிறகே மேலே ஏறினேன். என் அறையிலிருந்து மின்வடம் தேடும் கருவியைக் கொண்டுவந்து குழியின் ஓரத்தில் பிடித்தேன். அது விடாமல் அலறியது. அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இரும்புல்ல வச்சிருந்தேன்,” என்றார், மெதுவாக. பூத்தட்டோடு நின்ற அவர் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

புதுக்கோட்டைக் குழியில் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் வேறென்ன போயிற்று? யாரும் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் நின்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

மண்ணைத் தோண்டாமல் பந்தக்கால் வைக்கக் கோயில் குருக்கள் ஒப்புக்கொண்டார். ஒரு பெயின்ட் டின்னில் மணல் நிரப்பி, மாவிலை கட்டிய கம்பை அதில் நட்டோம். மண்ணுக்குள் போகாத கால் லேசாக ஆடியது. முருகையா அண்ணன் இரண்டு கயிறு கட்டினார். ஒன்றைக் கோயில் கதவில் இழுத்துக் கட்டினார். மற்றதைக் கட்ட அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

“கொஞ்சம் பிடிச்சுக்கம்மா,” என்று என்னிடம் கொடுத்தார். பூசை முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.