உத்திராபதி அண்ணன் குரல்

காரைக்கால் பக்கம் யாராவது செத்தால் உத்திராபதி அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். என் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, இன்னார் இயற்கை எய்தினார், இத்தனை மணிக்கு இறுதி ஊர்வலம் என்று ஊர் ஊராகச் சொல்லிவருவார். வரிச்சிக்குடிக்காரர், பரம சாது. ஆனால் மைக்கைப் பிடித்துவிட்டால் கேட்கிறவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவருவார்கள். ஒருநாளும் தப்பான சேதி சொன்னதில்லை. அவர் சொன்னால்தான் சாவு உறுதி என்று சனம் நம்பியது.

அப்பேர்ப்பட்ட ஆளைப் போய்ப் புயல் எச்சரிக்கை சொல்ல அனுப்பினார்கள். எந்த மகராசன் யோசனையோ, எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை. பூவத்தில் தொடங்கிக் கடலோரமாகவே போனோம். மழை முகத்தில் அறைந்தது. எங்கள் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவர்களெல்லாம், "யாரு போயிட்டா?" என்றே கேட்டார்கள்.

மண்டபத்தூரில் மீன்பிடிக்கப் போன சில போட்டுகள் இன்னும் கரை திரும்பவில்லை. கடைசி வீட்டு மங்கையர்க்கரசியின் புருஷன் முருகானந்தம் அதில் ஒன்றில் இருந்தான். தெருவே புயலுக்கு ஒதுங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. அவள் மட்டும் எங்களைக் கண்டதும் கைப்பிள்ளையோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கடல் தண்ணீர் வாசற்படிக்கு வந்திருந்தது.

"எங்க வாசல்ல நிக்காதீங்க. எதுவும் சொல்லாம போயிடுங்க."

"சாவு சொல்ல வரல தங்கச்சி. புயல் வருது, வெளிய வா," என்றார் அண்ணன்.

"நீங்க எதுக்கு வருவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

கதவை உதைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அடுத்த அலையில் ஆட்டோவே நகர்ந்தது. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"காஜா, வண்டிய ஆஃப் பண்ணாத," என்றபடி அண்ணன் மைக்கை எடுத்தார். சாவுக்குப் பேசும் அதே குரல். "மண்டபத்தூர் முருகானந்தம் அவர்கள் நலமுடன் கரை திரும்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் குடும்பத்தாருக்காகக் காத்திருக்கிறார்."

தாழ்ப்பாள் திறந்தது. வழி நெடுக அவள் பிள்ளையிடம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். அண்ணன் மைக்கை மடியில் போட்டுத் துடைத்துக்கொண்டே வந்தார்.

பள்ளிக்கூடத்தில் அவன் எங்கே இருப்பான்? சாயங்காலத்துக்குள் மற்ற போட்டுகளெல்லாம் அங்கங்கே கரை ஒதுங்கிய சேதி வந்தது. அவன் போட்டைப் பற்றி மட்டும் தகவலே இல்லை. சொந்தக்காரப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்களை விலக்கிவிட்டாள்.

அண்ணன் அவள் எதிரில் போய் உட்கார்ந்தார். "நான் சொன்னது பொய்ம்மா. உன்னை வெளிய கொண்டாரத்தான் அப்படிச் சொன்னேன்."

அவளுக்குக் கோபமே வரவில்லை. "மைக்ல சொல்லிட்டீங்கள்லண்ணே, அவங்க வந்துடுவாங்க," என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்கத் திரும்பி உட்கார்ந்தாள்.