சூரியன் நின்ற கதையை விசாரிக்கப் போனவள்

பிரேமலதா வக்கீலின் காலைத் தன் மடியில் வைத்துக் குதிகாலைச் சுற்றித் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அழுத்தித் தேய்க்கவில்லை. படுத்தே கிடப்பவரின் தோல் சிவந்திருந்தால் அங்கே அழுத்தவே கூடாது. உள்ளே நைந்தது இன்னும் நைந்துபோகும். தடவி முடித்ததும் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் எதிலும் படாதபடி வைத்தாள்.

"கால் உனக்கு அடங்கிட்டுது. வாய் இன்னும் அடங்கல, ஞாபகம் வச்சிக்கோ" என்றார் முனிரத்தினம்.

"அதுவும் அடங்கிட்டா எனக்கு இன்னா ஐயா பொழுதுபோக்கு?"

முனிரத்தினம் சித்தூர்க் கோர்ட்டில் ஆயுசெல்லாம் வாதாடியவர். சொந்த ஊர் புத்தூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு, மகன் அவரைத் திருப்பதியில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். மகனுக்கு வெளியூரில் வேலை. வீட்டைப் பார்த்துக்கொள்வது மருமகள் ரேகா. அவருக்குப் பேச்சு மட்டும் தப்பியிருந்தது. இன்னொரு தடவை வந்தால் பேச்சும் போகலாம், புத்தியும் போகலாம் என்று டாக்டர் அவர் எதிரிலேயே சொன்னார். மறைக்காமல் சொன்னானே என்று டாக்டர்மேல் அவருக்கு மரியாதை.

பிரேமலதாவுக்கு ஊர் நகரி. பத்தாவது முடித்ததும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிப் பராமரிப்புக்குப் படித்தாள். அங்கேதான் கிறிஸ்துவை ஏற்றாள். கனவும் வரவில்லை, தீராத நோய் தீரவுமில்லை. ஓய்ந்த நேரத்தில் சுவிசேஷங்களைப் படித்தாள், புரியாததைக் கேட்டாள், கேட்டதற்கு அங்கிருந்த ஒரு நர்ஸ் அலுக்காமல் பதில் சொன்னாள். இது உண்மை என்று தோன்றியது, ஒப்புக்கொண்டாள், அவ்வளவுதான். கணவன் வேணு பவர்லூம் ஓட்டுகிறவன். ஆடிக்கிருத்திகைக்கு அவன் திருத்தணிக்குக் காவடி எடுப்பான். ஞாயிற்றுக்கிழமை இவள் சபைக்குப் போவாள். அவர்களுக்குள் சண்டை வருவது தறியில் நூல் அறுந்தால்தான்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே ரேகா சொல்லியிருந்தாள்: "அக்கா, நீங்க கிறிஸ்டியன்னு சொன்னாங்க. எனக்கொண்ணும் இல்ல. ஆனா மாமாகிட்ட ஜெபம் கிபம்னு ஆரம்பிச்சிடாதீங்க."

"அவரு கேட்டா சொல்லுவேன் ரேகாம்மா. கேக்காட்டி எண்ணெய் தடவிக்கினு இருப்பேன். சொல்றப்ப கதவு தொறந்திருக்கும். நீங்க வந்து கேக்கலாம்."

இதைப் பிரேமலதா விதியாகவே வைத்திருந்தாள். பிடிக்காத பேச்சு என்றால் நடமாடுகிறவர் எழுந்து போய்விடலாம். படுத்திருப்பவர் எங்கே போவார்? அவரிடம் பேசுகிறவளுக்குத்தான் அடக்கம் வேண்டும்.

ஆனால் முனிரத்தினம் கேட்டார். கேட்காமல் அவரால் இருக்க முடியாது. வாதத்துக்கு ஆள் கிடைக்காமல் காய்ந்துபோயிருந்தார். அன்றும் எண்ணெய்க் கிண்ணத்தை அவள் மூடுமுன்னே ஆரம்பித்தார்.

"ஏம்மா, உங்க வேதத்துல யோசுவான்னு ஒருத்தன் சண்டை போட்டானாம், அவனுக்காகச் சூரியன் நகராம நின்னுதாம். நம்புறியா நீ?"

பிரேமலதாவிடம் பதில் தயாராக இருந்தது. சபையில் பாஸ்டர் கொடுத்த நோட்டீசில் படித்தது. பெண்கள் கூட்டத்தில் இவளே பல தடவை எடுத்துச் சொன்னது.

"அது விஞ்ஞானத்துலயே நிரூபிச்சது ஐயா. ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடறதுக்குக் கணக்குப் போட்டாங்களாம். பழைய காலத்துக்குப் போகப் போக கம்ப்யூட்டர்ல ஒரு நாள் கொறைஞ்சுதாம். எங்க தேடியும் அந்த நாள் கெடைக்கல. அப்புறம் பாத்தா, யோசுவா காலத்துல சூரியன் நின்ன நாள்தான் அது."

முனிரத்தினத்தின் இடது பக்க உதடு மெல்ல ஏறியது.

"கண்டுபுடிச்சவன் பேரு?"

"தெரியாது ஐயா."

"எந்த வருசம்? எங்க எழுதி வச்சிருக்கான்?"

"நோட்டீசுல போட்டிருந்தது."

"நோட்டீசு போட்டவன்கிட்ட யாரு செப்பினது?" கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் அவருக்குத் தெலுங்கு வந்துவிடும். "பிரேமா, நீ பொய் சொல்றவ இல்ல. மாத்திரை குடுக்க மறந்தா மறந்தேன்னு சொல்றவ. அதனாலதான் உன்கிட்ட கேக்குறேன். இத விசாரிச்சுக்கினு வா. இந்தச் சாட்சி நின்னுதுன்னா உங்க சாமியப் பத்தி மீதியும் கேக்குறேன். விழுந்துட்டா, மீதிய என்கிட்ட கொண்டாராதே."

பேச்சு அத்தோடு முடிந்தது. அவரைப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணையை அணைவாகக் கொடுத்துவிட்டு, அவள் சமையலறையில் கை கழுவினாள். கழுவும்போதே புரிந்துவிட்டது: இத்தனை நாள் எடுத்துச் சொன்ன இந்த விஷயத்தை அவள் ஒரு தடவைகூட விசாரித்ததில்லை. டாக்டர் எழுதாத மாத்திரையை யாராவது கொடுக்கச் சொன்னால் கொடுப்பாளா?

வீட்டோடு தங்கி வேலை பார்ப்பவளுக்குச் சனி, ஞாயிறு லீவு. வழக்கமாக நகரிக்கு ரயிலேறுகிறவள் அந்தச் சனிக்கிழமை சூளூர்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். ஜெயச்சந்திரன் அங்கே இருந்தார். பக்கத்து ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் நிலையத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷந்தோறும் நகரி சபையின் கூடுகைக்கு வந்து ஆர்மோனியம் வாசிப்பவர். வாசலில் மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர்! இன்னா இவ்ளோ தூரம்?"

விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, மீனை உள்ளே கொடுத்தனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் காலேஜ்ல படிக்கிறப்பவே கேட்ட கதை இது. அப்போ அமெரிக்காக்காரன் கண்டுபுடிச்சான்னு சொன்னாங்க. இப்ப எங்க ஊருக்கே வந்துடுச்சா?"

"அப்போ நடக்கலையா?"

"நான் இருந்தவரைக்கும் நடக்கல. நடக்கவும் முடியாது. நீங்க ஆஸ்பத்திரியில டெம்பரேச்சர் சார்ட் எழுதுவீங்கல்ல? ஒரு வேளை எழுதாம விட்டா எப்படித் தெரியுது?"

"கட்டம் காலியா இருக்கும்."

"கட்டம் ஏற்கனவே போட்டு வச்சிருக்கிறதால தெரியுது. வானத்துல யாரு கட்டம் போட்டு வச்சா? இன்னிக்கு சூரியன் இருக்கிற இடத்தை வச்சிக்கினு அன்னிக்கு எங்க இருந்திருக்கும்னு பின்னால கணக்குப் போட்டுக்கினு போறோம். நடுவுல ஒரு நாள் நின்னிருந்தா, அதை அந்தக் கணக்கால கண்டுபுடிக்க வழியே இல்ல. நின்னுதுன்னும் சொல்லாது, நிக்கலன்னும் சொல்லாது."

பிரேமலதா அதை ஒருமுறை தன் வாயால் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சரியாக வந்தது.

"அண்ணா, நீங்க இவ்ளோ படிச்சிருக்கீங்க. உங்களுக்கு விசுவாசம் ஆட்டம் காணலையா?"

"படிக்கப் படிக்கப் பொய்தான் ஆட்டம் கண்டுது சிஸ்டர். படைச்சவருக்கு நம்ம பொய்ய முட்டுக் குடுத்து நிறுத்தணும்னு அவசியமா? இன்னா, குழம்பு துன்னுட்டுப் போங்க."

சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். நாகலாபுரம் வழியாகப் புத்தூருக்கு வந்து அங்கிருந்து நகரி போய்ச் சேர்ந்தாள். வேணு கேட்டான்: "ராக்கெட்ல வருவேன்னு பாத்தேன், பஸ்ஸுலயா வந்தே?"

மறுநாள் ஆராதனைக்கு முன்னால் பாஸ்டர் கோபிகிருஷ்ணனைத் தனியாகப் பார்த்தாள். தறி ஓட்டிக்கொண்டிருந்து பாஸ்டர் ஆனவர். சாவு வீட்டில் விடியும்வரை உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்று ஊரே சொல்லும். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"சிஸ்டர், அந்த நோட்டீசப் பாத்து எத்தனை பேரு சபைக்கு வந்தாங்க தெரியுமா? இப்போ போய் பொய்னு சொன்னா? அறிவு ஜாஸ்தியானா தலைக்கனம்தான் வரும்."

"தலை கனத்தா தலையணைய மாத்தி வைக்கலாம் ஐயா. தலையே வேணாம்னா இன்னா செய்யறது? முழு இருதயத்தோட தேவன்மேல அன்பா இருன்னு சொன்ன ஆண்டவரு, முழு மனசோடயும்னுதானே சேத்துச் சொன்னாரு. யோசிக்கிற பாதியை வீட்டுல வச்சிட்டு வரச் சொல்லல."

கோபிகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களுக்கென்ன, துணிஞ்சு கேட்டுடறீங்க. படிச்சவன் எவனாவது வந்து என்னைக் கேள்வி கேட்டா எனக்குப் பயமா இருக்குது. அந்த நோட்டீசு பாக்கெட்ல இருந்தா ஒரு தெம்பு."

இதை ஒப்புக்கொள்ள ஒரு மனுஷனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

"ஐயா, வெடிச்ச ஊன்றுகோலை நோயாளிக்குக் குடுத்தா, இல்லாம விழறதைவிட மோசமா விழுவான். எனக்குத் தெரியாது, கேட்டுட்டு வரேன்னு சொல்லுங்க. அதுல இன்னா கேவலம்? சூளூர்பேட்டை அண்ணனை மாசத்துக்கு ஒருக்கா வரச் சொல்லலாம். உக்காந்து படிப்போம். நானும் படிக்கணும்."

"பொம்பளைங்க கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க" என்றார் அவர், கடைசியில். "நான் பின்னாடி நிக்கிறேன்."

சொன்னாள். முன்வரிசையில் இருந்த வசந்தா விடவில்லை. "அப்போ சூரியன் நிக்கலையா? வேதமே பொய்யா?"

"வேதத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல வசந்தா. அந்த இடத்தை எப்படிப் புரிஞ்சிக்கணும்னு இன்னும் படிக்கணும். கம்ப்யூட்டர் கண்டுபுடிச்சுதுன்னு நான் சொன்னேனே, அதுதான் பொய். இனிமே யாருக்கும் சொல்லாதீங்க."

"நான் என் நாத்தனார் வீடு வரைக்கும் சொல்லிட்டேனே!"

"போன் இருக்கில்ல? போட்டுச் சொல்லு."

கூட்டம் சிரித்தது. பின்னால் நின்ற பாஸ்டரும் சிரித்தார்.

சாயங்காலம் திருப்பதிக்கு வந்து, புடவை மாற்றி, கை கழுவி, வக்கீலின் குதிகாலை முதலில் பார்த்தாள். சிவப்பு குறைந்திருந்தது. அவள் சொல்லிவிட்டுப் போனபடி ரேகா செய்திருக்கிறாள். கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஐயா, விசாரிச்சேன். அது விழுந்துடுச்சு."

யாரைக் கேட்டாள், அவர் என்ன சொன்னார், ஏன் அது முடியாது என்று எல்லாம் சொன்னாள். சார்ட் கதையையும் சொன்னாள். பாஸ்டரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அது அவருடைய சொந்த விஷயம்.

"எங்க சபையிலயும் சொல்லிட்டு வந்துட்டேன். உங்க சொல்படி மீதிய நான் கொண்டாரல."

முனிரத்தினம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ரேகா துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"என் சர்வீஸ்ல" என்றார் நிதானமாக, "சொன்னது தப்புன்னு தானா திரும்பி வந்து கூண்டுல ஏறினவனை விரல் விட்டு எண்ணிடலாம். அவனுங்க சொன்ன மீதியத்தான் ஜட்ஜு நம்புவாரு."

"அப்போ..."

"அப்போ இல்ல, கிப்போ இல்ல. சொன்ன சொல்லு சொன்னதுதான். நீ கொண்டாராதே." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா கோர்ட்டு வேணும்னா வரவழைக்கலாம். யாரும் கொண்டாரத் தேவையில்ல. உங்க சாமி செத்து எழுந்தாருன்னு சொல்றீங்களே, பாத்தவங்க சொன்னத நாளைக்கு வரவழைக்கிறேன். நாலு பேரு எழுதியிருக்காங்கன்னு கேள்வி. நாலும் வேணும். ஒருத்தனை மறைச்சே, கேஸ் தள்ளுபடி."

"நாலும் ஒரே மாதிரி இருக்காது ஐயா. சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். முன்கூட்டியே சொல்லிடறேன்."

"ஒரே மாதிரி இருந்தாத்தான் சொல்லிக் குடுத்து வச்சதுன்னு நெனைப்பேன்."

ரேகா வாசலிலிருந்து, "மாமா, நீங்க கட்சி மாறிடுவீங்க போலிருக்கே" என்றாள்.

"வாதத்துக்கு உக்காந்தவனைக் கட்சி மாறினான்னு சொல்லாதே. தீர்ப்பு என்னுது, அது எப்பன்னு எனக்கே தெரியாது."

மறுநாள் காலை பிரேமலதா அவருக்கு உடம்பு துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். ராகிக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, சின்ன ஸ்பூனால் ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் தாடையைக் கீழே தாழ்த்தி விழுங்கச் சொன்னாள். வாய் கொப்பளித்து, மாத்திரை விழுங்கி, அவர் தயார் என்று தலையசைத்ததும், நாற்காலியை அவர் இடது காதுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ரேகா அவரைக்காய்த் தட்டோடு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். நாலு சுவிசேஷங்களில் முதலாவதை எடுத்து, விடியற்காலையில் பெண்கள் கல்லறைக்குப் போன இடத்திலிருந்து பிரேமலதா தெளிவாக வாசித்தாள். முதல் பக்கம் முடியுமுன் அவர் மூன்று இடத்தில் நிறுத்தினார். இரண்டுக்குப் பதில் சொன்னாள். மூன்றாவதுக்குத் தெரியாது என்றாள். அவர் "சரே, மேலே போ" என்றார். முதலாவதை வாசித்து முடித்து அவள் இரண்டாவதை எடுத்தாள்.